மேனரிச ஓவியத்தில் வேலை செய்யும் ஆட்கள்: பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியம் என்றால் பலருக்கும் மாதாவும் குழந்தை இயேசுவும், அதை விட்டால் கிரேக்கத் தெய்வங்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே காலத்தில் உலை, கொப்பரை, சுரங்கம், பட்டறை என்று ஆட்கள் வியர்வை சிந்தி வேலை செய்யும் எண்ணெய் ஓவியங்களும் வரையப்பட்டிருக்கின்றன. அவற்றில் நல்லதொரு கூட்டம் ஒரே கட்டடத்தில், ஒரே சின்ன அறையில் இருக்கிறது: ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பலாட்சோ வெக்கியோ அரண்மனையில், நகரத்தை ஆண்ட மெடிசி குடும்பத்து இளவரசர் முதலாம் பிரான்செஸ்கோ தெ மெடிசியின் 'ஸ்டுடியோலோ' என்கிற தனியறை. இந்த வழிகாட்டிக்கு அங்கிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜொவான்னி ஸ்ட்ராடானோ 1570 வாக்கில் வரைந்த 'ரசவாதியின் பட்டறை'. கூடவே அதன் பக்கத்துப் படங்கள் சிலவற்றையும் இழுத்துக்கொள்வோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் படங்களில் கருவிகள் நிஜம், உடல்கள் வேஷம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் "அந்தக் காலத்தில் இப்படித்தான் வேலை செய்தார்கள் போல" என்று ஏமாந்துவிடுவோம், தனித்தனியாகப் பார்த்தால் படம் யாருக்காக, எதற்காக வரையப்பட்டது என்பது தானாகவே வெளியே வரும்.

தொடங்குவதற்கு முன்

கைபேசித் திரையில் பார்க்காதீர்கள், பிரயோஜனமில்லை. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஸ்ட்ராடானோ என்று தேடினால் இந்தப் படத்தின் நல்ல பிரதி கிடைக்கும். கணினியில் முழுத் திரைக்கு விரித்து, பெரிதாக்கிப் பார்க்கும் வசதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதமும் பேனாவும் வேண்டும். விளக்கக் குறிப்புகளை இப்போது படிக்க வேண்டாம், ஓவியர் யார், யாருக்கு வரைந்தார் என்கிற அளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும். அதை நானே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ட்ராடானோ இத்தாலியர் இல்லை. சொந்தப் பெயர் யான் வான் டெர் ஸ்ட்ராட், 1523-இல் பிளாண்டர்ஸ் நாட்டு (இன்றைய பெல்ஜியம்) புரூஜ் நகரத்தில் பிறந்தவர், ஃப்ளாரன்ஸுக்கு வந்து மெடிசிகளிடம் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே 1605-இல் இறந்தவர். இது முக்கியம். பொருட்களை நுணுக்கி நுணுக்கி வரையும் பிளாண்டர்ஸ் பழக்கம் ஒரு கையிலும், உடலை முறுக்கி நிறுத்தும் ஃப்ளாரன்ஸ் பழக்கம் இன்னொரு கையிலும் இருக்கிற ஆள். அதனால்தான் ஆரம்பிப்பதற்கு இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

மேனரிசம் பற்றி ரொம்பப் படிக்க வேண்டியதில்லை. ரஃபேல் 1520-இல் இறந்ததிலிருந்து ஏறக்குறைய அந்த நூற்றாண்டு முடியும் வரை இத்தாலியில் ஓடிய போக்கு அது. நீண்ட உடல்கள், பாம்பு மாதிரி முறுகும் இடுப்பு, மூச்சுவிட இடமில்லாத கூட்டம், மைக்கேலேஞ்சலோவிடமிருந்து கடன் வாங்கிய தசைகள், இயற்கையாக இருக்கிறதா என்பதைவிட நளினமாக இருக்கிறதா என்கிற கவலை. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்குள் போகலாம்.

படி 1: படம் எங்கே மாட்டியிருந்தது என்று பாருங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இது. ஸ்டுடியோலோ ஒரு ஜன்னல்கூட இல்லாத, மேலே வளைந்த கூரை போட்ட சிறிய அறை. அரண்மனையின் பிரம்மாண்டமான ஐந்நூற்றுவர் மண்டபத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1570-இல் தொடங்கி நாலைந்து ஆண்டுகள் வேலை நடந்தது. மேற்பார்வை ஓவியரும் கட்டடக் கலைஞருமான ஜார்ஜோ வசாரி. எந்தச் சுவரில் என்ன படம் வர வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர் வின்சென்சோ போர்கினி என்கிற கற்றறிந்த துறவி. நிலம், நீர், காற்று, நெருப்பு என நான்கு பூதங்களுக்கு நான்கு சுவர்கள், முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள், எட்டு வெண்கலச் சிலைகள், வரைந்தது பெரும்பாலும் இளம் ஓவியர்களின் ஒரு பெரிய குழு.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், படங்களில் பல வெறும் சுவர் அலங்காரம் இல்லை, அலமாரிக் கதவுகள். பின்னால் இளவரசர் சேர்த்துவைத்த ரத்தினம், பளிங்கு, கண்ணாடி, விநோதமான இயற்கைப் பொருட்கள் இருந்தன. உள்ளே என்ன வகைச் சாமான் இருக்கிறது என்பதற்கு வெளியே இருக்கும் ஓவியம் ஒரு குறிப்பு. ஆக, இந்தப் படங்களில் வேலை செய்யும் ஆட்கள் ஒரு பணக்காரரின் சேகரிப்புக்கு ஒட்டிய முகப்புச் சீட்டு. தொழிலாளியின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும் என்று யாரும் அங்கே கிளம்பவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த படிகளில் பாதிக் குழப்பம் குறையும்.

இன்னொன்று: அறை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே பிரித்துவிட்டார்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் படங்களைத் தேடிச் சேர்த்துத் திரும்ப மாட்டினார்கள். இன்று எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது என்பதை வைத்துப் பெரிய முடிவுகளுக்குப் போக வேண்டாம்.

படி 2: கருவிகளை மட்டும் பாருங்கள்

சரி, இப்போது படம். ஆட்களை மறந்துவிடுங்கள், முடிந்தால் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பொருட்களை மட்டும் காகிதத்தில் எழுதிக்கொண்டே போங்கள். உலை. கனமான உரல், உலக்கை. பிழியும் திருகுச் செக்கு. கண்ணாடிக் குடுவைகள். பின்னால் அடுக்கடுக்காகக் குடுவைகள் பொருத்திய, கோபுரம் மாதிரி ஓர் அடுப்பு, அதுதான் காய்ச்சி வடிக்கும் அடுப்பு. நம் சித்த மருத்துவத்தில் வாலை என்று சொல்வார்களே, அதே வேலை: கீழே சூடு, மேலே ஆவி, மூக்கு வழியாக இறங்கிக் குளிர்ந்து சொட்டும் சாறு. ஒரே நெருப்பில் பல வாலைகளை ஒரே நேரத்தில் வைத்து வடிக்க இப்படி ஒரு அடுப்பு.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பொருளுக்கும் "இது அடுத்த எந்தப் பொருளுக்கு வேலை கொடுக்கிறது" என்று ஒரு கோடு போடுங்கள். உரலில் இடித்தது செக்குக்குப் போகலாம், பிழிந்த சாறு வாலைக்குப் போகலாம், வடித்தது குடுவையில் சேரும். கோடு போட்டுப் பார்த்தால் படம் வெறும் மாயாஜாலக் கூடாரமாக இல்லாமல் ஒழுங்காக ஓடும் ஒரு மருந்துச் சாலையாகத் தெரிய ஆரம்பிக்கும். ரசவாதி என்றதும் ஈயத்தைப் பொன்னாக்கும் கிறுக்கன் என்று நினைக்கிறோம், ஆனால் அரண்மனைப் பட்டறைகளில் நாள் முழுக்க நடந்தது பெரும்பாலும் மூலிகைத் தைலம், மருந்து, சாயம், கண்ணாடி, உலோகம் என்று கைக்கு உதவும் சமாச்சாரங்கள்தான்.

ஸ்ட்ராடானோவுக்கு இந்தக் கருவிகளின் மேல் நிஜமான பிரியம் இருந்திருக்கிறது. பிற்காலத்தில் அவர் 'நோவா ரெபெர்டா' என்கிற அச்சுப்படத் தொடருக்கு வரைந்து கொடுத்தார், ஆண்ட்வெர்ப் நகரத்தில் வெளியானது. அச்சுக்கூடம், வெடிமருந்து, கடிகாரம், சர்க்கரை ஆலை, காற்றாலை, மூக்குக் கண்ணாடி என்று புதிய கண்டுபிடிப்புகளுக்கு ஒவ்வொரு படம். அதில் காய்ச்சி வடித்தலுக்கும் ஒன்று உண்டு. ஓவியத்தையும் அந்த அச்சுப்படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் என் முதல் பாதிக் கட்சி (கருவி நிஜம்) ஏன் என்று புரியும்.

படி 3: உடல்களைச் சோதியுங்கள்

இதுதான் வேடிக்கையான படி, கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். படத்தில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து அவர் நிற்கிற மாதிரியே நின்று பாருங்கள். பாதம் எந்தப் பக்கம், இடுப்பு எந்தப் பக்கம், தோள் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம். பிறகு கையில் ஒரு கனமான பொருளை வைத்துக்கொண்டு அதே நிலையில் அந்த வேலையைச் செய்ய முயலுங்கள். உண்மையான வேலைக்கு உடல் எப்போதும் சிக்கனமான வழியைத் தேடும்: எடை நேர்கோட்டில் இறங்கும், முட்டி மடங்கும், முதுகு கூடவே போகும். மேனரிச ஓவியரின் ஆளுக்கு அந்தக் கவலை கிடையாது, ஒரே நேரத்தில் மார்பையும் முதுகையும் நமக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

ஸ்ட்ராடானோவின் படத்தில் இந்தச் சோதனையில் பலர் ஓரளவு தேறிவிடுவார்கள், பிளாண்டர்ஸ் ரத்தம். அதனால் கூடவே அதே அறையிலிருந்து இன்னொரு படத்தைத் திறங்கள்: மிராபெல்லோ காவலோரியின் 'கம்பளிப் பட்டறை'. பெரிய கொப்பரை, கீழே தீ, சுற்றிலும் அரை நிர்வாணமாக ஆட்கள். கொதிக்கிற கொப்பரை பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் சட்டையைக் கழற்றுவது நடப்புதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த முதுகுகளையும் கால்களையும் பாருங்கள். கம்பளிக்காரர்கள் மாதிரியா இருக்கிறார்கள், சிற்பக் கூடத்தில் மணிக்கணக்காகப் போஸ் கொடுத்துப் பழகியவர்கள் மாதிரி இருக்கிறார்கள். ஓவியம் என்கிற முறையில் எனக்கு இந்தத் தொகுப்பிலேயே மிகவும் பிடித்தது இதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீ வெளிச்சம் கீழிருந்து ஏறி உடல்களின் மேல் விழுகிற விதம் அபாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஃப்ளாரன்ஸின் பணம் பெருமளவு கம்பளியில் வந்தது. ஆனால் கம்பளி கழுவுபவர்கள், சிக்கெடுப்பவர்கள் போன்ற தொழிலாளிகளுக்குச் சொந்தமாகச் சங்கம் வைக்க உரிமை கிடையாது. 1378 ஜூலையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், 'சியோம்பி' கிளர்ச்சி என்று சொல்வார்கள். நகர அரசின் அரண்மனைக்குள் புகுந்து கைப்பற்றி, கம்பளி சிக்கெடுக்கும் மிகேலே தி லாந்தோ என்பவரையே நகரத்தின் தலைமைப் பதவியில் உட்கார வைத்தார்கள். சில வாரங்களில் கதை மாறியது, அந்த வேகம் அடக்கப்பட்டது. அவர்கள் புகுந்த அரண்மனை எது தெரியுமா? இதே பலாட்சோ வெக்கியோ. இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை, அதே கட்டடத்தில் ஒரு இளவரசரின் தனியறையில் கம்பளித் தொழிலாளிகள் அழகான முதுகு காட்டி நிற்கிறார்கள். காவலோரி இதை நினைத்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. பார்க்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: போஸ் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

மேனரிச ஓவியர்கள் கூச்சமே இல்லாமல் கடன் வாங்குவார்கள், அதைக் கண்டுபிடிக்கிறவர்தான் ரசிகர் என்று அவர்களே எதிர்பார்த்தார்கள். இதற்கு அலெஸ்ஸாந்த்ரோ அல்லோரியின் 'முத்துக் குளிப்பு' நல்ல பயிற்சி. பாறையும் படகும், ஏறுவதும் இறங்குவதும் சாய்வதுமாக ஏகப்பட்ட வெற்றுடம்புகள். இதையும் மைக்கேலேஞ்சலோவின் 'காஷினாப் போர்' படத்தையும் பக்கத்தில் வையுங்கள். மூலம் இல்லை, தொலைந்துவிட்டது. ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த வீரர்கள் போர் முழக்கம் கேட்டுப் பதறி எழும் காட்சி அது. பாஸ்தியானோ தா சங்கல்லோ வரைந்த பிரதி ஒன்று இங்கிலாந்தில் ஹோல்க்கம் ஹாலில் இருக்கிறது, இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அல்லோரியின் முத்துக் குளிப்பவர்கள் அந்த வீரர்களின் சொந்தக்காரர்கள் என்பது சட்டென்று தெரிந்துவிடும். மைக்கேலேஞ்சலோ அந்தப் போர்ப்படத்தை வரையவிருந்ததும் ஸ்டுடியோலோவை ஒட்டிய அதே பெரிய மண்டபத்தில்தான்.

தூத்துக்குடிப் பக்கமோ மன்னார்ப் பக்கமோ உள்ளவர்கள் அல்லோரியின் படத்தைப் பார்த்தால் முதலில் கேட்கப் போவது வேறு: "கல் எங்கே, கயிறு எங்கே?" சலாபத்தில், அதாவது முத்துக் குளிப்பில், குளியாளி காலைக் கல்லில் ஊன்றிக் கயிற்றைப் பிடித்து இறங்குவதும், மேலே கயிறு பிடிக்கும் ஆள் அவர் உயிரைக் கையில் வைத்திருப்பதும் நமக்குத் தெரிந்த முத்துக் குளிப்பு. அல்லோரி வரைந்தது ஒரு கற்பனைக் கடல், அவருக்குத் தேவைப்பட்டது ஈரமான உடம்புகளுக்கு ஒரு சாக்கு. இந்த வகைக் கேள்விதான் கேட்க வேண்டிய கேள்வி. உங்களுக்குத் தெரிந்த தொழில் எதுவோ அதை வைத்துப் படத்தைக் குடையுங்கள். தட்டார் வேலை தெரிந்தவருக்கு அலெஸ்ஸாந்த்ரோ ஃபேயின் பொற்கொல்லர் பட்டறை, வார்ப்பு வேலை தெரிந்தவருக்குப் பொப்பியின் வார்ப்பாலை, என்று ஆளுக்கொரு படம் அந்த அறையில் இருக்கிறது.

படி 5: முகங்கள், முக்கியமாக ஒரே ஒரு முகம்

திரும்ப ரசவாதியின் பட்டறைக்கு வாருங்கள். முகங்களைப் பெரிதாக்குங்கள். பெரும்பாலானவை "ஒரு இளைஞன்", "ஒரு கிழவர்" என்கிற அளவிலேயே நின்றுவிடும். கீழே வலது பக்கம் பாருங்கள். அடுப்பின் மேல் ஒரு பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருக்கும் ஆள் அப்படி இல்லை, அது உருவப்படம். பிரான்செஸ்கோவே அவர். பக்கத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட முதிய ரசவாதி அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

1541-இல் பிறந்த பிரான்செஸ்கோவுக்கு அப்போது முப்பது வயது கூட நிறையவில்லை. அப்பா முதலாம் கோசிமோ 1574 வரை உயிரோடு இருந்தாலும், 1564-லிருந்தே ஆட்சிப் பொறுப்பு மகன் கையில். அரசு வேலையைவிட உலையும் குடுவையும்தான் அவருக்குப் பிடிக்கும் என்பது அன்றைக்கு ஊரறிந்த விஷயம். 1580-இல் ஃப்ளாரன்ஸ் வந்த பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன்கூட, இந்தப் பிரபு தானே உட்கார்ந்து கீழை நாட்டு ரத்தினங்களைப் போலப் போலிக் கற்கள் செய்வதையும் பளிங்கு வெட்டுவதையும் குறித்துவைத்திருக்கிறார். சீனப் பீங்கானைப் பார்த்து ஐரோப்பாவில் அதே மாதிரி செய்ய முயன்று ஓரளவு வெற்றி கண்டதும் இவருடைய பட்டறைதான், 1575 வாக்கில்.

அதனால் அவர் கிண்டுவது முழுப் பொய் இல்லை. அதுதான் இந்தப் படத்தின் சுவாரசியம். ஆனால் காகிதத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். யார் யாருக்கு உத்தரவிடுகிறார்? யாருக்கு முகம் இருக்கிறது? முதல் கேள்விக்கு "கிழவர் இளவரசருக்கு" என்று வரும், அடக்கமான மாணவராக ஆட்சியாளர் காட்டப்படுகிறார். இரண்டாவது கேள்விக்கு விடை எழுதும்போது அந்த அடக்கம் கரைந்துவிடும். உரலில் இடிக்கிறவனும் செக்கைத் திருகுகிறவனும் நாளைக்கு வேறு ஆள் வந்தால் மாற்றிக்கொள்ளலாம், இந்த ஒருவரை மாற்ற முடியாது. மாலையில் எழுந்து போய்விடக்கூடியவரும் அந்தப் பட்டறையில் அவர் ஒருவர்தான்.

படி 6: எதன் மேல் வரைந்திருக்கிறது?

துணி இல்லை, மரமும் இல்லை. கற்பலகை, நம் பழைய பள்ளிக்கூடச் சிலேட்டுக் கல்லேதான். ஏறக்குறைய 127-க்கு 93 சென்டிமீட்டர். கல்லின் மேல் எண்ணெய் வண்ணம் தீட்டும் வழக்கத்தை 1530 வாக்கில் ரோமில் செபாஸ்டியானோ டெல் பியோம்போ பிரபலமாக்கினார். கல் மரத்தைப் போல நெளியாது, புழு அரிக்காது. கல்லின் கருமை அடியில் இருப்பதால் இருட்டான பட்டறையில் தீ வெளிச்சம் காட்டுவதற்கு வாகு. எண்ணெய் வண்ணமும் முக்கியம்: மெல்லிய, ஊடுருவித் தெரியும் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம், கண்ணாடிக் குடுவைக்குள் திரவம் தெரிவதை அப்படித்தான் காட்ட முடியும். ஈரச் சுவர் ஓவியத்தில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

படி 7: வேறு வகைப் படத்தோடு மோதவிடுங்கள்

மேனரிசம் என்ன செய்கிறது என்று தெரிய, அதைச் செய்யாத படம் ஒன்று வேண்டும். இரண்டு சொல்கிறேன். ஒன்று, ஜெர்மானியர் அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல், 1556-இல் பாசெல் நகரத்தில் அச்சானது, அதிலுள்ள மரச்செதுக்குப் படங்கள். அதில் சுரங்கத் தொழிலாளி தலைமூடியும் முழு உடையும் போட்டு, கப்பி எப்படிச் சுற்றுகிறது என்று நமக்குப் புரியும் கோணத்தில் நிற்பார். பக்கத்தில் யாகோப்போ சூக்கி ஸ்டுடியோலோவுக்கு வரைந்த 'சுரங்கம்' படத்தை வையுங்கள். சுரங்கத்துக்குள் அப்படி வெற்றுடம்போடு இறங்கினால் ஒரே நாளில் தோல் உரிந்துவிடும்.

இரண்டாவது, புரூகல் 1565-இல் வரைந்த 'அறுவடை', இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். ஸ்ட்ராடானோ விட்டுவந்த அதே தாழ்நிலப் பகுதியின் ஓவியர், ஐந்தாறு ஆண்டு இடைவெளிதான். மரத்தடியில் காலைப் பரப்பி வாயைத் திறந்து தூங்குகிற அந்த ஆள் ஞாபகமிருக்கிறதா? ஸ்டுடியோலோ முழுவதும் தேடுங்கள், வேலை முடிந்து அப்படிக் களைத்துக் கிடக்கிற ஒருவர் கிடைக்கிறாரா என்று. கிடைக்கவே மாட்டார் என்பது என் பந்தயம். களைப்புக்கு நளினமான போஸ் கிடையாதே.

படி 8: நேரில் போகிறவர்களுக்கு

பலாட்சோ வெக்கியோவுக்குச் சீட்டு வாங்கினால் ஐந்நூற்றுவர் மண்டபத்திலிருந்து ஸ்டுடியோலோவை எட்டிப் பார்க்கலாம், உள்ளே நடந்து சுற்ற முடியாது. உள்ளே போக வேண்டுமென்றால் அரண்மனையின் ரகசிய வழிகளைக் காட்டும் வழிகாட்டிச் சுற்று ஒன்று இருக்கிறது, அதை முன்பதிவு செய்ய வேண்டும், சின்னக் குழுக்கள்தான். வியாழக்கிழமைகளில் அருங்காட்சியகம் மதியத்தோடு மூடிவிடுவது வழக்கம், கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கொடுக்கும் நேரம் குறைவு. எல்லாப் படத்தையும் பார்க்கிறேன் என்று கழுத்தைச் சுளுக்கிக்கொள்ளாமல், வீட்டிலேயே முதல் ஐந்து படிகளையும் முடித்துவிட்டு, இரண்டே படங்களைத் தேர்ந்தெடுத்துப் போங்கள்: ஸ்ட்ராடானோ ஒன்று, காவலோரி ஒன்று. திரையில் தெரியாத ஒன்றே ஒன்றைத்தான் அங்கே பார்க்க வேண்டும், அது தீயின் நிறம். அறையில் வெளிச்சம் மங்கல், கண் பழகச் சிறிது நேரம் பிடிக்கும், வழிகாட்டி கூரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நைசாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருங்கள்.